‘இன்’ சேர்த்தால் எதிர்ச்சொல்

புதிதாக நம் பயிற்சி மையத்தில் ஆங்கில வகுப்பெடுக்க வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஒரு தாள் கேட்டீர்கள். “டீச்சர், உங்க எதிர்ச்சொல் ஷீட்டப் பத்தி எல்லாரும் சொல்றாங்க, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிறோம்” என்றீர்கள். நான் காபி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், தாளைக் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் விட மனம் வராத கிழவி என்று படியிறங்கும்போது பேசிக்கொண்டிருப்பீர்கள். தாளைத் தருகிறேன். அதற்கு முன் அது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்ச்சொல் வழியாக ஆங்கிலம் சொல்லித்தருவது என் வழக்கம். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் நாள் முழுக்க எங்காவது உழைத்துவிட்டு வருகிறவர்கள். பெனவலன்ட் என்றால் நல்ல மனம் உள்ளவர் என்று எழுதிப் போட்டால் கொட்டாவி விடுவார்கள். பக்கத்திலேயே மலெவலன்ட், கெடுதல் நினைப்பவர் என்று எழுதினால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் இரண்டாவது வகை ஆள் எல்லோர் வீட்டிலும் ஒருவராவது உண்டு. குடும்பத்தின் பிரியாணிக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஜரீனா என்ற பெண் மறுநாளே எழுந்து நின்று, “மிஸ், எங்க மாமி காலைல பெனவலன்ட். மத்தியானம் தூங்கி எந்திரிச்சா மலெவலன்ட்” என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த இரண்டு சொற்களும் அன்றிலிருந்து ஒருவருக்கும் மறக்கவில்லை.

இப்படியே நாற்பது சொற்கள் ஓடின. ஃப்ரூகல் என்றால் சிக்கனம், எக்ஸ்ட்ராவேகன்ட் என்றால் ஊதாரித்தனம். டிலிஜென்ட் என்றால் கருத்தாக வேலை செய்கிறவர், நெக்லிஜென்ட் என்றால் அலட்சியம் செய்கிறவர். ஜரீனாவின் வகுப்புக்கு மூன்று வருடம் முன்பு இருந்த மாணவர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஐம்பது வரிசை கட்டம் போட்டாகிவிட்டது. நாற்பது நிரம்பியது. பத்து காலி. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவசரம். சொல்லுக்கு முன்னால் ‘இன்’ சேர்த்தால் எதிர்ச்சொல் என்று தாளின் தலையில் ஒரு விதி எழுதினேன். பிறகு கை தானாக ஓடியது. விசிபிள், இன்விசிபிள். சென்சிடிவ், இன்சென்சிடிவ். வேல்யுபிள், இன்வேல்யுபிள். ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள். கட்டம் நிரம்பியதும் எழுந்து கறியைக் கிளறப் போனேன்.

இன்வேல்யுபிள் எனக்குத் தெரிந்த சொல்தான். புத்தகத்தில் பார்த்தால் சரியாகப் பொருள் சொல்லியிருப்பேன். கட்டத்துக்குள் எழுதும்போது நான் அதைப் படிக்கவே இல்லை, நிரப்பினேன். இன்ஃப்ளேமபிள் அப்படியில்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே தெரியாமல் இருந்தது.

அந்தத் தாளையே ஒவ்வொரு வகுப்புக்கும் கொடுத்து வந்தேன். ஜரீனாவோடு படித்தவர்களில் தங்கவேல் என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேடசந்தூரைத் தாண்டி ஒரு நூல்மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். பதினேழு வயதில் கழிவுப்பஞ்சு கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். மில்லில் எல்லாக் கடிதமும் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்ததும், “எனக்கு வந்த லெட்டர நானே படிக்கணும் டீச்சர். இன்னொருத்தன்கிட்ட நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது” என்று சொல்லிச் சேர்ந்தார். மில் பஸ்ஸில் பாதி வழி, டவுன் பஸ்ஸில் மீதி வழி என்று வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். நான் கொடுத்த தாளை அவர் லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் என் எழுத்தை யாரும் லேமினேஷன் செய்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாள் கொடுத்த இரண்டாம் நாள் அவர் கை தூக்கினார்.

“டீச்சர், எங்க மில்லுல மெஷின் தொடைக்கிற தண்ணி ஒண்ணு புதுசா டிரம்முல வந்திருக்கு. டிரம்மு மேல இன்ஃப்ளேமபிள்னு எழுதியிருக்கு. அப்ப அது எரியாதா?”

“எரியாது” என்றேன்.

“படத்துல தீ எரியிற மாதிரி போட்டிருக்கே டீச்சர்?”

“தீப்பிடிக்காதுன்னு காட்டத்தான் போட்டிருப்பாங்க.”

“அப்ப குறுக்க ஒரு கோடு போட்டிருக்கணுமே?”

இந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். கையில் போன் இருந்தது. மேஜையில் அகராதி இருந்தது, அதன் மேல் என் கைப்பை இருந்தது. முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கோடு அச்சுல விட்டுப்போயிருக்கும்” என்றேன்.

தங்கவேல் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொல்கிறோம் என்ற பெருமை.

இதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்தார். முகம் கறுத்திருந்தது. கையில் ஒரு கவர். நான்கைந்து பேர் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“டீச்சர், இதுல கிராமர் மிஸ்டேக் இருக்கான்னு பாருங்க. காலைலயே குடுத்துட்டேன். இருந்தாலும் தெரிஞ்சுக்கணும்ல.”

பிரித்துப் பார்த்தேன். மில் ஜெனரல் மேனேஜருக்கு எழுதிய ராஜினாமாக் கடிதத்தின் நகல். ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம். ‘ஐயா, நான் இருபத்தெட்டு ஆண்டுகளாக டிலிஜென்ட் ஆக இருந்தேன். ஒரு நாளும் நெக்லிஜென்ட் ஆக இருந்ததில்லை. நான் உங்களைப் பெனவலன்ட் என்று நம்பினேன். நீங்கள் மலெவலன்ட் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் இன்சென்சிடிவ். என்னை எல்லோர் முன்னிலையிலும் இன்வேல்யுபிள் என்று சொல்லிவிட்டீர்கள். இனி நான் விசிபிள் ஆக இருக்க மாட்டேன். நாளையோடு இன்விசிபிள்.’

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. முற்றுப்புள்ளி, பெரிய எழுத்து எல்லாம் சரியாக இருந்தன. என் வாழ்நாளில் எந்த மாணவரும் என் பாடத்தை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தியதில்லை.

“என்னாச்சுங்க?” என்றேன்.

“மில்லு ஆண்டு விழால எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க டீச்சர். கண்ணாடிச் சட்டம் போட்டு. ஜி.எம். சார் கையால. எம்புட்டுப் பேரு முன்னாடி! நானும் கும்பிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல வந்து வாசிச்சா, ‘தங்கவேலின் சேவை இந்த மில்லுக்கு இன்வேல்யுபிள்’னு போட்டிருக்கு. எதுக்கும் உங்க ஷீட்ட எடுத்துப் பாத்தேன். நாப்பத்தி மூணாவது வரி. இருபத்தெட்டு வருசம் ஒழச்சவனக் கூப்புட்டு, நீ மதிப்பில்லாதவன்னு கண்ணாடி போட்டுக் குடுத்திருக்காங்க டீச்சர்.”

பின் பெஞ்சிலிருந்து ஜரீனா, “அல்லா, எவ்வளவு திமிரு பாருங்க மிஸ்” என்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே. இன்வேல்யுபிள் என்றால் மதிப்பே போட முடியாத அளவுக்கு உயர்ந்தது, உங்கள் ஜி.எம். உங்களைத் தலைமேல் தூக்கி வைத்திருக்கிறார், தப்பு என் தாளில் இருக்கிறது என்று நான்கு வாக்கியம். அந்த நான்கைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் அந்தத் தாள் இருந்தது.

“லெட்டர் நல்லா எழுதியிருக்கீங்க” என்றேன்.

“தேங்க்ஸ் டீச்சர்” என்று சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேடசந்தூர் பஸ் ஏறினேன். ஜி.எம்.மைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அவர் தங்கவேலைக் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார், என் வகுப்புக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இதுதான் என் திட்டம். கேட்க யோக்கியமாக இருக்கிறது, உள்ளே கோழைத்தனம்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு சொல் தப்பென்றால் மற்றவை எப்படி என்று அப்போதுதான் தோன்றியது. தாளை மடியில் விரித்து, ஒவ்வொன்றாகப் போனில் அகராதியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் நாற்பதும் சரி. நாற்பத்தொன்று சரி. நாற்பத்திரண்டு சரி. நாற்பத்து மூன்று நமக்குத் தெரிந்ததுதான். நாற்பத்து நான்கு, இன்ஃப்ளேமபிள். அகராதி சொன்னது: எளிதில் தீப்பற்றக்கூடியது.

தப்பாகத் தட்டியிருப்பேன் என்று மறுபடி தட்டினேன். ஃப்ளேமபிள், எளிதில் தீப்பற்றக்கூடியது. இன்ஃப்ளேமபிள், எளிதில் தீப்பற்றக்கூடியது. இரண்டும் ஒன்று. இன்னும் கீழே ஒரு குறிப்பு வேறு இருந்தது: பலர் இதை எதிர்ச்சொல் என்று தவறாக நினைக்கிறார்கள், கவனம்.

அந்தப் பலரில் ஒருத்தி பஸ்ஸில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். டிரம்மு, தீப் படம், அச்சில் விட்டுப்போன கோடு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. தங்கவேலுக்குப் போன் போட்டேன். மில்லுக்குள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்டக்டரிடம், “செத்த வேகமாப் போகச் சொல்லுங்க தம்பி” என்றேன். அவர், “ஏம்மா, பஸ்ஸ என்ன பம்பரம்னு நெனச்சீங்களா?” என்றார்.

மில் வாசலில் காவலுக்கு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். விசிட்டர் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

“ஆரப் பாக்கணும்?”

“தங்கவேல். அவசரம்.”

“பேரு எழுதுங்க. ஊரு எழுதுங்க. வந்த காரணம் எழுதுங்க.”

பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ‘எதிர்ச்சொல் தவறு’ என்று எழுதினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். “எதிர்ச்... சொல்... தவறு. இது என்ன காரணம்? இப்பிடி ஒரு காரணத்துக்கு நான் யாரையும் உள்ள விட்டதில்லையே. வெவரமாச் சொல்லுங்க.”

“அய்யா, டிரம்முல இருக்கிறது எரியாதுன்னு நான் சொல்லிட்டேன். அது எரியும். உள்ள தீப்...”

தீ என்ற எழுத்துக்கு மேல் அவர் கேட்கவில்லை. எழுந்து சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைக் கையால் ஓங்கிக் குத்தினார்.

சங்கு ஊதியது. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் உண்டாக்கியதில்லை. மெஷின்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. கதவுகள் திறந்தன. பெண்களும் ஆண்களும் தலையில் பஞ்சு ஒட்ட, வாயில் கட்டிய துணியோடு வரிசையாக வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒருவரும் தள்ளவில்லை, கத்தவில்லை. அவர்களைப் பழக்கி வைத்தது யார் என்று அடுத்த நிமிடமே தெரிந்தது. கையில் பெயர்ப் பட்டியலோடு தங்கவேல் கடைசியாக வெளியே வந்தார். அவருக்கு அன்று கடைசி நாள். ஆனாலும் தலை எண்ண ஆரம்பித்தார்.

“தங்கவேல்!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்து அதிர்ந்து போனார். “டீச்சரா? நீங்க எங்க இங்க? செத்த இருங்க, எண்ணி முடிச்சிட்டு வாரேன். பதினஞ்சு, பதினாறு...”

“டிரம்ம எங்க வச்சிருக்கீங்க?”

“பதினேழு... கழிவுப்பஞ்சு கோடவுன்ல.”

“பஞ்சு கோடவுன்லயா!”

“ஆமா டீச்சர். முன்னாடி வெளி ஷெட்டுல தனியாத்தான் வச்சிருந்தோம். அங்க மழை ஒழுகுது. எரியாத சாமான்தானேன்னு உள்ள மாத்திட்டேன். இன்னைக்குக் கோடவுன் கதவுக்கு வெல்டிங் வைக்க ஆளு வந்திருக்காரு. பஞ்சு மேல பொறி பட்ரக் கூடாதுல? அதுக்காகப் பன்னெண்டு டிரம்மையும் கதவுக்கும் பஞ்சுக்கும் நடுவுல மறப்பா நிறுத்தி வச்சிருக்கேன்.” சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. கடைசி நாளில்கூட எவ்வளவு யோசித்து வேலை செய்திருக்கிறேன் பாருங்கள் என்கிற திருப்தி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜி.எம். வந்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். “ஏனுங்க, யாருங்க சங்கு ஊதச் சொன்னது? எங்கீங்க தீ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தனியாகப் பேசலாம் என்று பஸ்ஸில் போட்ட திட்டம் அங்கே செல்லாது. மில் முழுவதும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் தங்கவேலோட இங்கிலீஷ் டீச்சருங்க. இன்ஃப்ளேமபிள்னா எரியாதுன்னு சொல்லிக் குடுத்துட்டேன். அது தப்பு. எரியும். பெட்ரோல் மாதிரி எரியும். எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்.”

தங்கவேல் என்னைப் பார்த்தார். “எரியுமா?”

“எரியும்.”

“அப்ப அந்தப் படத்துல இருந்தது...”

“தீதான்.”

பட்டியலைப் பக்கத்திலிருந்த பெண் கையில் திணித்துவிட்டு அவர் ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வெல்டிங்காரர் சங்குச் சத்தம் கேட்டு முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பீடி பற்ற வைக்கலாமா என்று மடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கம்பியில் அதுவரை ஒரு பொறிகூடப் பறந்திருக்கவில்லை. தங்கவேல் வெல்டிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார், தீப்பெட்டியைப் பிடுங்கினார், ஆறு பேரைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு டிரம்மையும் உருட்டி வெளியே கொண்டுவந்தார். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தலை எண்ணி முடித்தார். எல்லோரும் இருந்தார்கள்.

பிறகு ஜி.எம். அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஜி.எம். மேஜை இழுப்பறையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ஏனுங்க டீச்சர், இதையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா? நேத்துல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. மலெவலன்ட்னா என்னன்னு எம்பொண்ணுகிட்டப் போன் போட்டுக் கேட்டனுங்க. அவ சிரிக்கிறா. நான் அப்படி என்ன பண்ணிப்போட்டேன்?”

நான் தங்கவேல் பக்கம் திரும்பினேன். நேற்று சொல்ல வேண்டியதை இன்று சொன்னேன். இன்வேல்யுபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, இவ்வளவு என்று மதிப்புச் சொல்லவே முடியாதது. நாற்பத்து மூன்றாவது வரியும் என் தப்பு. அதோடு, நேற்று அவர் கடிதத்தைக் காட்டியபோதே எனக்கு அது தெரியும், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் ஆனது.

“நெசமாவா டீச்சர்?” என்று தங்கவேல் கேட்டார். பிறகு ஜி.எம்.மைப் பார்த்து, “சார், நெசமா அப்பிடித்தான் எழுதுனீங்களா?” என்றார்.

“பின்ன, உங்களைத் திட்டறதுக்கா கண்ணாடி போட்டுக் குடுப்பாங்க?”

“அய்யோ, அந்தக் கண்ணாடிய நான் நேத்து ஒடச்சிட்டேனே சார்” என்று சொல்லித் தங்கவேல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று துண்டுக்கு வெளியே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. ஜி.எம். ராஜினாமாக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். அதே கையோடு இன்னொரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

“டிரம்ம எடம் மாத்துனதுக்கு மெமோ குடுக்கோணுங்க. எழுத்துல கேக்காம மாத்தக் கூடாது. அது ரூலு. யாரா இருந்தாலும்.”

தங்கவேல் மெமோவை வாங்கி அங்கேயே நின்று படித்தார். முகம் மலர்ந்தது. “நெக்லிஜென்ட்னு போட்டிருக்கு டீச்சர். இது எனக்குத் தெரியும். பதினாலாவது வரி. இது சரிதானே?”

“சரிதான்” என்றேன். அகராதியைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

மெமோவில் என் பெயரையும் போடுங்கள் என்று ஜி.எம்.மைக் கேட்டேன். “நீங்க என் ஸ்டாப் இல்லைங்களே, எப்படிங்க போட?” என்றார். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, டிரம்மை அவர் இடம் மாற்றியது என் தவறான பதிலை நம்பித்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது அவர் கோப்பில் மெமோவோடு சேர்ந்திருக்கிறது. தமிழில்தான் எழுதினேன். ஆங்கிலத்தின் மேல் அன்றைக்கு எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

அன்று மாலை வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கறி கொதித்ததிலிருந்து சங்கு ஊதியது வரை. சிரித்தார்கள். ஜரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மீதி ஆறும் சரிதான் என்று அகராதியில் பார்த்துவிட்டு, எல்லோரையும் தாளை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் அடிக்கச் சொன்னேன். தங்கவேலால் மட்டும் முடியவில்லை. லேமினேஷன் மேல் பேனா எழுதவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுவிலும் திருத்தத்தைப் போட்டேன். கட்டை விரல்கள் வந்தன, கும்பிடும் கைகள் வந்தன. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கு பார்க்கும் ஆரோக்கியமேரி மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள். ‘பரவாயில்ல மிஸ், எனக்கு ரெண்டு வருசம் முன்னாடியே தெரியும்.’

உடனே கூப்பிட்டேன். “தெரியுமா? ஏம்மா எனக்குச் சொல்லல?”

“இங்க ஸ்பிரிட் கேன்ல அந்த வார்த்தை இருந்துச்சு மிஸ். சேந்த முதல் வாரமே தெரிஞ்சு போச்சு.”

“அப்பவே ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே.”

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நீங்க கிளாஸ்ல ஒரு தடவகூட தெரியலன்னு சொன்னதில்ல மிஸ். எது கேட்டாலும் அம்புட்டு உறுதியாச் சொல்வீங்க. உங்ககிட்டப் போயி தப்புன்னு எப்பிடிச் சொல்றது? நான்தான் தப்பாப் பாக்குறேன் போலன்னு மூணு அகராதியில பாத்தேன் மிஸ்.”

அவள் என் மேல் வைத்திருந்தது மரியாதைதான். அந்த மரியாதையால் ஒரு மில் எரிந்திருக்கும். நீங்கள் கேட்ட தாளை நான் உடனே தராததற்கு உண்மையான காரணம் இந்தப் போன் பேச்சு.

பிறகு பல வாரங்கள் பழகினேன். உங்களுக்கும் கடினமாகத்தான் இருக்கும். வகுப்பில் நின்றுகொண்டு, “எனக்குத் தெரியல, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை என்னிடம் கேட்கப்பட்ட சொல் சேங்ஷன். பேப்பரில் ஒரு நாட்டின் மேல் சேங்ஷன் போட்டதாக வந்திருந்தது. வீடு கட்ட மனு போட்டிருந்த ஒரு மாணவர் நகராட்சியில் பிளான் சேங்ஷன் ஆகிவிட்டது என்றார். ஒன்று தண்டனை, ஒன்று அனுமதி. எது சரி என்று கேட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் நான் படியேறும்போதே மேலே சத்தம் கேட்டது. தண்டனைதான் என்று ஒரு கட்சி, அனுமதிதான் என்று ஒரு கட்சி. பெஞ்சைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் அகராதியை விரித்து, ஒரே சொல்லுக்கு அந்த இரண்டு பொருளும் உண்டு, இரண்டு பேரும் சொல்வது சரி என்றேன்.

ஒருவரும் என்னை நம்பவில்லை. தங்கவேல் உட்பட எல்லோரும் அவரவர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.